ஃப்ளை கட்டிப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மீன் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் போலி இரையான ஃப்ளையை, படிப்படியாகச் சொல்லித்தரும் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டியும் ஏதோ ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்ட கேள்விகள் இவை. வருடக்கணக்கில் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். இவற்றில் சில கடைசியில் நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில்தான் போய் நிற்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தூண்டில் முள்ளின் உறுப்புகளுக்குச் சில பெயர்கள் வேண்டும். நேரான பகுதி தண்டு. தூண்டில் நரம்பைக் கோக்கும் துளை காது. முனைக்குப் பின்னால் செதுக்கிவிட்ட சின்னக் கீற்று எதிர்முள். தண்டுக்கும் முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வாய்.

ஃப்ளைன்னா நிஜ ஈயா? வெறும் இறகைப் பார்த்து மீன் எப்படி ஏமாறும்?

நிஜ ஈ இல்லை. முள்ளின் மேல் இறகு, முடி, நூல், கம்பி இவற்றைக் கட்டிச் செய்யும் போலி இரை. தண்ணீரின் மேல் மிதக்கும் பூச்சி மாதிரி கட்டினால் உலர் ஃப்ளை, தண்ணீருக்குள் இருக்கும் பூச்சியின் இளம்பருவம் மாதிரி கட்டினால் நிம்ஃப், சின்ன மீன் மாதிரி கட்டினால் ஸ்ட்ரீமர். ஓடும் தண்ணீரில் மீனுக்கு யோசிக்க நேரம் குறைவு. அளவும், அசைவும், போகிற ஆழமும் சரியாக இருந்தால் வாயைத் திறந்துவிடும். கண்ணும் காலும் அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் புள்ளி போட்ட மீன்களைப் பிடிக்க முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் இரண்டு இறகைக் கட்டியதை எழுதி வைத்திருக்கிறார். நாமும் கிட்டத்தட்ட அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம்.

கடையில ரெடியா கிடைக்குதே, நாமளே கட்டினா காசு மிச்சமாகுமா?

ஆகாது. ஆகும் என்று யாராவது சொன்னால் அவர் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரே வகை ஃப்ளையை நூற்றுக்கணக்கில் கட்டுகிறவருக்கு மட்டும்தான் கணக்கு நேராகும். மற்றவர்களுக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் நீர்நிலையில் இருக்கும் பூச்சியின் அளவுக்கும் நிறத்துக்கும் கட்டலாம். நேற்று மீன் தொட்டுவிட்டு விட்டதை இன்று இரவே மாற்றிப் பார்க்கலாம்.

ஆரம்பிக்க என்னென்ன வேணும்? செட்டா வாங்கிடலாமா?

முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸ், நூல் உருளையைத் தாங்கும் பாபின், நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல், இறகின் நுனியைக் கவ்வும் ஹேக்கிள் இடுக்கி, ஒரு தடித்த ஊசி. இவ்வளவுதான். முடிச்சுப் போடும் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நல்ல வெளிச்சமும் பின்னால் ஒரு வெள்ளைத் தாளும் இருந்தால் கண் வலிக்காது.

மலிவான செட்டில் வைஸ்தான் பிரச்சினை. இழுத்தால் முள் தாடையில் வழுக்கும், உங்கள் கை சரியில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். செட்டில் கூடவே வரும் கலர் கலர் இறகு மூட்டையில் பாதியை ஒருபோதும் தொட மாட்டீர்கள். வைஸையும் கத்தரிக்கோலையும் தனியாக, கொஞ்சம் நல்லதாக வாங்கிவிட்டு, ஒரே ஒரு ஃப்ளைக்குத் தேவையான பொருளை மட்டும் வாங்குங்கள். பாபினின் குழாய் வாயில் பீங்கான் வளையம் வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். காரணம் நூல் அறுவதைப் பற்றிய கேள்வியில் வரும்.

முள் நம்பர் பெரிசானா முள்ளும் பெரிசுதானே?

தலைகீழ். 10-ஆம் எண்ணை விட 16-ஆம் எண் சின்னது, 22 அதை விடச் சின்னது. 1-ஐத் தாண்டி மேலே போனால் 1/0, 2/0, 3/0 என்று எழுதுவார்கள். அங்கே எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். ஒரே எண் போட்ட முள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழகுவதற்கு 8 அல்லது 10-ஆம் எண், நீளத் தண்டு முள் போதும். 18-இல் ஆரம்பித்துவிட்டு வெறுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நூல்ல 6/0, 8/0ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 70 டெனியர்னு இருக்கு. எது மெல்லிசு?

டெனியர் என்பது நேரடிக் கணக்கு: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். அதனால் 70 மெல்லிசு, 140 தடிமன். 6/0, 8/0 முறையில் முதல் எண் ஏற ஏற நூல் மெலியும், ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்வதில்லை. ஒருவரின் 8/0 இன்னொருவரின் 6/0 மாதிரி இருக்கலாம். டெனியர் போட்டிருந்தால் அதை நம்புங்கள். முதல் நூலாக 140 டெனியர் கறுப்பு வாங்குங்கள். தப்பாக இழுத்தாலும் தாங்கும்.

முதல்ல எந்த ஃப்ளை கட்டலாம்?

வூலி பக்கர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967 வாக்கில் உருவாக்கியது. பஞ்சு மாதிரி ஒரு வால், கம்பளிப்பூச்சி மாதிரி ஓர் உடல், மேலே சுற்றிய ஓர் இறகு, அவ்வளவுதான். அட்டை, சின்ன மீன், பூச்சியின் இளம்பருவம் என்று மீன் அதை எதுவாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். டிரவுட் மீன் மட்டுமில்லாமல் இரை துரத்தும் மீன் எதுவும் இதைக் கடிக்கும். வால் கட்டுவது, உடல் சுற்றுவது, இறகு சுற்றுவது, தலை முடிப்பது என்ற நான்கு வேலையும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கோணலாக வந்தாலும் மீன் பிடிக்கும் என்பது இன்னொரு சௌகரியம்.

சரி, வூலி பக்கரை ஒவ்வொரு படியாச் சொல்லுங்க.

முள்ளின் வளைவை வைஸில் பிடித்து, தண்டு படுக்கையாக இருக்கும்படி வையுங்கள். காதுக்குக் கொஞ்சம் பின்னால் நூலின் நுனியைத் தண்டின் மேல் வைத்து, உங்களிடமிருந்து அந்தப் பக்கமாக, அந்த நுனியின் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். நூல் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். மிச்ச நுனியை வெட்டிவிட்டு, நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வளைவு தொடங்கும் இடம் வரை போங்கள். அங்கே மராபு என்ற பஞ்சு இறகில் ஒரு கொத்தை வாலாகக் கட்டுங்கள். நீளம் தண்டின் நீளம் இருந்தால் போதும். விரலை நனைத்து இறகை நீவினால் தண்ணீருக்குள் எவ்வளவு ஒல்லியாகத் தெரியும் என்பது புரியும். மீதி அடிப்பகுதியை வெட்டி எறியாமல் தண்டின் மேலேயே படுக்க வைத்து, காதுக்கு இரண்டு காது அகலம் முன்பு வரை நூலால் சுற்றினால் உடல் மேடு பள்ளமில்லாமல் வரும். பிறகு நூலை வாலடிக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

வாலடியில் மூன்று பொருளைக் கட்ட வேண்டும்: முதலில் மெல்லிய செம்புக் கம்பி, அடுத்து சேவல் இறகை அதன் நுனியால், கடைசியாக செனில் என்ற கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும் கயிறு. செனிலின் நுனியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் பஞ்சை நகத்தால் உரித்துவிட்டு உள்ளே இருக்கும் நூலை மட்டும் கட்டினால் அங்கே புடைப்பு வராது. கடைசியில் கட்டியதை முதலில் சுற்ற வேண்டும் என்பதுதான் இங்கே விதி. நூலை முன்னால் கொண்டுவந்துவிட்டு, செனிலை இடைவெளியில்லாமல் முன்னோக்கிச் சுற்றிக் கட்டி, மிச்சத்தை வெட்டுங்கள். பிறகு இறகை ஐந்தாறு சுற்றில் விரித்து முன்னோக்கிச் சுற்றுங்கள். இழைகள் வால் பக்கம் சாய்ந்து இருக்கட்டும்.

இறகு சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் கம்பியைச் சுற்றிக்கொண்டு வந்து கட்டுங்கள். மீனின் பல் பட்டால் முதலில் அறுவது இறகின் தண்டுதான். குறுக்கே கம்பி ஓடினால் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுதும் அவிழாது. கம்பியைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், வாய் மழுங்கும். முன்னும் பின்னும் ஆட்டினால் தானே முறியும். அப்புறம் நூலால் சின்னத் தலை ஒன்று சுற்றி, முடிச்சுப் போட்டு, ஒரு துளி வார்னிஷ் அல்லது நிறமில்லாத நெயில் பாலிஷ். முதல் ஃப்ளைக்கு முக்கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. அதே அளவில், அதே நிறத்தில் பத்து கட்டி வரிசையாக வையுங்கள். ஒன்றையும் பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கை திருந்தியது என்பது கண்ணுக்கே தெரியும். பத்து வெவ்வேறு ஃப்ளை கட்டினால் அது தெரியாது.

நூல் அடிக்கடி அறுந்து போகுது. மட்டமான நூலா?

பெரும்பாலும் நூல் காரணமில்லை. முள்முனையில் உரசி ஒரு பிரி அறுந்திருக்கும், அல்லது பாபின் குழாயின் வாய் கரகரப்பாக இருக்கும், அல்லது பாபினின் கைகள் உருளையை மிக இறுக்கமாகப் பிடித்திருக்கும். கைகளை லேசாக வெளிப்பக்கம் வளைத்துவிட்டால் பிடி தளரும். தொங்கவிட்டால் தானாக இறங்காமல், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அதுதான் சரியான அளவு.

நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு: வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, வேண்டுமென்றே அறும் வரை இழுங்கள். பத்து தடவை. எந்த இடத்தில் அறும் என்பதை விரல் கற்றுக்கொள்ளும். அதற்குச் சற்று முன்னால் நிற்பதுதான் நல்ல இறுக்கம். பழகாதவர்களில் பலர் அறுந்துவிடும் என்ற பயத்திலேயே பாதி இறுக்கத்தில் கட்டுகிறார்கள், ஃப்ளை இரண்டு வீச்சில் கழன்றுவிடுகிறது. கட்டும்போது நடுவில் அறுந்தால் பதறாதீர்கள். அவிழும் முனையை ஹேக்கிள் இடுக்கியால் கவ்வித் தொங்கவிட்டு, அதன் மேலேயே புதிதாக நூலைத் தொடங்குங்கள்.

இறகைத் தண்டு மேல வைச்சுக் கட்டினா, நூல் இழுக்கிற பக்கமா உருண்டு போயிடுது. எப்படி நிறுத்துறது?

நூல் மேலேறும்போதே இழுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் பொருளும் கூடவே போகிறது. இடது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொருளையும் தண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். நூலை அந்த விரல்களுக்கு நடுவே மேலே கொண்டுபோய், தளர்ந்த ஒரு வளையமாக அந்தப் பக்கம் இறக்குங்கள். இன்னும் இறுக்க வேண்டாம். அதே மாதிரி இன்னொரு தளர்ந்த சுற்று. இப்போது நேராகக் கீழ்நோக்கி இழுங்கள். விரலை எடுக்காமல் மேலும் இரண்டு இறுக்கமான சுற்று. பிடித்துக்கொண்டிருக்கும் விரலைச் சீக்கிரம் எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

வெறும் தண்டு வழுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அடியில் ஒரு வரி நூல் சுற்றியிருந்தால் பொருளுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கடைசியில தலைக்கு இடமே இல்ல. காது அடைஞ்சு நரம்பு கோக்க முடியல.

எல்லோருக்கும் நடப்பதுதான். வூலி பக்கர் படிகளில் சொன்ன இரண்டு காது அகல இடைவெளியை ஆரம்பத்திலேயே நூலால் ஒரு சுற்றுக் குறி போட்டு வைத்துவிடுங்கள், எதுவும் அதைத் தாண்டக் கூடாது. இன்னொரு காரணம் சுற்றுகளின் எண்ணிக்கை. நல்ல இறுக்கத்தில் நான்கு சுற்று பிடிப்பதை, தளர்ந்த பதினைந்து சுற்று பிடிக்காது. ஆனால் அந்தப் பதினைந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். காதில் வார்னிஷ் இறங்கிவிட்டால், காய்வதற்குள் ஓர் உதிரி இறகின் தண்டை உள்ளே விட்டு இழுத்துவிடுங்கள்.

விப் ஃபினிஷ் வரவே மாட்டேங்குது. சாதா முடிச்சுப் போட்டா போதாதா?

விப் ஃபினிஷ் என்பது தலையைக் கட்டி முடிக்கும் முடிச்சு. சாதா முடிச்சும் போதும், கொஞ்ச நாளைக்கு. அரை முடிச்சு மூன்று நான்கு போட்டு வார்னிஷ் தடவினால் நிற்கும். காலியான பால்பாயின்ட் பேனாவின் குழாயில் நூலை ஒரு சுற்று சுற்றி, அதன் துளையைக் காதின் மேல் பொருத்தி வளையத்தைத் தள்ளிவிட்டால் அரை முடிச்சு சுலபமாக விழும்.

விப் ஃபினிஷ் என்பது ஒரு மாயமும் இல்லை. நூலை எப்படித் தொடங்கினோமோ அதன் மறுபக்கம்தான்: நூல் தன் வாலின் மேல் தானே நான்கைந்து சுற்று சுற்றிக்கொள்கிறது, பிறகு வாலை இழுத்தால் வளையம் உள்ளே போய்விடுகிறது. பெரிய முள்ளும் தடித்த நூலும் வைத்து, ஃப்ளை எதுவும் கட்டாமல், இதை மட்டும் ஒரு மாலை முழுதும் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் அப்புறம் மறக்காது.

டப்பிங் நூல்ல ஒட்டவே மாட்டேங்குது, உதிர்ந்து விழுது.

டப்பிங் என்றதும் சினிமாவை நினைத்தவர்களும் உண்டு. இங்கே அது நூலின் மேல் முறுக்கும் முடித் துகள். முயல் முடி, செயற்கை இழை எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்கு ஒட்டாததற்குக் காரணம் அநேகமாக நிறைய எடுப்பதுதான். எடுத்ததில் பாதியைத் திருப்பி வையுங்கள். மிச்சத்திலும் பாதியை வையுங்கள். நூலின் நிறம் லேசாக மாறுகிற அளவுக்கு மெல்லிய படலமாக வைத்து, ஒரே திசையில் மட்டும் முறுக்குங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் போட்ட முறுக்கு அவிழ்ந்துவிடும். வழுக்கும் செயற்கை இழைக்கு நூலில் துளி மெழுகு தடவலாம்.

உலர் ஃப்ளை மிதக்கவே இல்ல, ஒரு பக்கமா சாயுது. என்ன தப்பு?

இறகைப் பாருங்கள். வூலி பக்கருக்கு மென்மையான இறகு நல்லது, உலர் ஃப்ளைக்கு அது உதவாது. விறைப்பான, பளபளப்பான சேவல் கழுத்து இறகு வேண்டும், அடியில் பஞ்சுப் பகுதி இருக்கக் கூடாது. இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. இறகை வளைத்து முள்ளருகே வைத்தால் இழைகள் விரியும், அளந்துகொள்ளலாம். நீளமாக இருந்தால் ஃப்ளை ஆடிச் சாயும். வாலும் விறைப்பாக, தண்டின் நீளத்துக்கு இருக்க வேண்டும். பின்பக்கத்தைத் தாங்குவது வால்தான். இறகு சுற்றும்போது ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறினால் இழைகள் கண்ட பக்கம் நீட்டிக்கொள்ளும்.

மான் முடி கட்டும்போது பூ மாதிரி விரியுது. சில சமயம் விரியணுங்கிறாங்க, சில சமயம் கூடாதுங்கிறாங்க. எது சரி?

இரண்டுமே. மான் உடம்பின் முடிக்குள் காற்று அறைகள் உண்டு. அதனால்தான் மிதக்கிறது, அதனால்தான் நூல் அழுத்தும் இடத்தில் நசுங்கி விரிகிறது. தண்டைச் சுற்றிலும் பந்து மாதிரி முடி வேண்டுமென்றால் வெறும் தண்டில் வைத்து, இரண்டு தளர்ந்த சுற்றுப் போட்டு, கையை விட்டுவிட்டு இறுக்குங்கள்; முடி சுழன்று பரவும். அதற்குச் சாதாரண நூல் பத்தாது, வலுவான நூல் வேண்டும். மேலே இறக்கையாக மட்டும் நிற்க வேண்டுமென்றால் தண்டில் நூல் அடித்தளம் போட்டு, உருளும் இறகுக்குச் சொன்ன அதே விரல் பிடியை விடாமல் இறுக்குங்கள். இரண்டுக்கும் முதலில் செய்ய வேண்டியது, அடியில் இருக்கும் பஞ்சு முடியைச் சீவி எடுப்பது. அதைச் செய்யாமல் முடி விரியவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

ஆழமாப் போகணும்னா மணி போடலாமா, கம்பி சுத்தலாமா?

டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19 கிராமுக்குச் சற்று மேல், ஈயம் 11 கிராமுக்குச் சற்று மேல், பித்தளை எட்டரை. ஒரே அளவு மணியில் டங்ஸ்டன் பித்தளையை விட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். ஒல்லியான ஃப்ளை வேகமாக இறங்க அதுதான் வழி. மணியின் துளையில் ஒரு பக்கம் சிறிது, ஒரு பக்கம் பெரிது. சின்னத் துளை காதுப் பக்கம் வர வேண்டும், அதனால் முள்முனையைச் சின்னத் துளைக்குள் முதலில் விடுங்கள். கனம் தலையில் இருந்தால் ஃப்ளை குதித்துக் குதித்து நீந்தும், தண்டு முழுக்கக் கம்பி சுற்றினால் படுக்கையாக இறங்கும். ஈயம் நஞ்சு, சில நாடுகளில் சின்ன ஈய எடைகளுக்குத் தடையும் உண்டு. ஈயமில்லாத கம்பி கிடைக்கும்போது அது எதற்கு?

இன்னொரு விஷயம். கண் மாதிரி வைக்கும் கனமான மணிகளைத் தண்டின் மேல்பக்கம் கட்டினால் ஃப்ளை தண்ணீரில் தலைகீழாகத் திரும்பி, முனை மேல்நோக்கி நீந்தும், அடியில் மாட்டாது. பாப் கிளவுசர் 1980-களில் உருவாக்கிய கிளவுசர் மின்னோ என்ற ஃப்ளை இப்படித்தான்.

எதிர்முள்ளை நசுக்கணும்னா எப்ப நசுக்கறது?

கட்டுவதற்கு முன்னால். நசுக்கும்போது சில முள் முறியும். முக்கால் மணி நேரம் கட்டிய பிறகு முறிந்தால் மனசு முறியும்.

வீட்டுக் கோழி இறகை எடுக்கலாமா? கீழ கிடக்கிற பறவை இறகு?

கோழி, வாத்து, வான்கோழி இறகைத் தாராளமாக எடுக்கலாம். மராபு கூட முதலில் நாரை இனப் பறவை ஒன்றின் இறகாக இருந்தது, இப்போது கிடைப்பது வான்கோழி இறகு. சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, மூடிய பையில் போட்டு ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள். அந்துப் பூச்சியும் தோல் வண்டும் ஒரு பையில் புகுந்தால் மொத்தச் சேகரிப்பும் போய்விடும். எனக்கு ஒரு தடவை போயிருக்கிறது.

காட்டுப் பறவையின் இறகு வேறு கதை. பல நாடுகளில் கீழே உதிர்ந்து கிடந்ததை எடுத்து வைப்பதே குற்றம். பழைய சால்மன் ஃப்ளைகளில் கண் மாதிரிப் பளபளக்கும் புள்ளி இறகு இருக்குமே, அது தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியுடையது. அந்த மாதிரி அரிய இறகு மேல் உள்ள ஆசை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் களவு போயின, திருடியவர் ஃப்ளை கட்டுகிறவர். சாயம் போட்ட சேவல் இறகு மீனுக்குப் போதும்.

நான் கட்டினது பார்க்கவே அசிங்கமா இருக்கு. மீன் கடிக்குமா?

கடிக்கும். ஃபிராங்க் சாயர் என்ற இங்கிலாந்து ஆற்றுக் காவலரின் ஃபெசண்ட் டெயில் நிம்ஃபில் நூலே கிடையாது. ஃபெசண்ட் பறவையின் வால் இழையும் செம்புக் கம்பியும் மட்டும்தான். காலும் இல்லை, கண்ணும் இல்லை. இன்றும் மீன் பிடிக்கிறது. உங்களுடையதை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு நனைத்துப் பாருங்கள். மேசையில் அலங்கோலமாகத் தெரிந்தது அங்கே வேறு மாதிரி இருக்கும். அவிழாமல் இருக்கிறதா என்பதை மட்டும் இழுத்துப் பாருங்கள்.

நான் இடது கை. வழிகாட்டியில இருக்கிற திசை எல்லாம் குழப்புது.

வைஸைத் திருப்பி, முள்ளின் காது உங்கள் இடப்பக்கம் வரும்படி வையுங்கள். நூல் அப்போதும் உங்களிடமிருந்து அந்தப் பக்கமாகவே மேலேறிப் போகும். படங்களைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ என்றால் இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

சரியா வராததை எல்லாம் தூக்கிப் போட்டுடறதா?

முள்ளை வீணாக்காதீர்கள். வைஸிலேயே பிடித்து, சவரப் பிளேடைத் தண்டின் நீளவாக்கில் மேல்பக்கமாக ஓட்டினால் கட்டியது மொத்தமும் பிளந்து கழன்று வரும். செம்புக் கம்பி சுற்றியிருந்தால் அதை முதலில் இடுக்கியால் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிளேடு தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்து, கீறினால் அந்த முள்ளிலேயே மறுபடி கட்டலாம். வழுக்கினால் சின்ன அரத்தால் தீட்டிக்கொள்ளுங்கள்.